அம்மா கையில் லினக்ஸ் மிண்ட் கொடுக்கும் முன்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. நன்றாக ஓடும் பழைய கணினியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மிண்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் 2029 வரை அப்டேட் வரும்.

ஆனால் நிறுவியதோடு வேலை முடிவதில்லை. பெரியவர்களிடம் கொடுக்கும் முன் அரை மணி நேரம் நீங்கள் உட்கார வேண்டும். மிண்ட்டின் திரை அமைப்பான சினமன் டெஸ்க்டாப்பில் ஃபாண்ட் செலக்‌ஷனைத் திறந்து எழுத்தின் அளவை 1.0-இலிருந்து 1.3 ஆக்குங்கள். என் அம்மா திரையை ஒட்டிக் குனிந்து படிப்பதை விட்டது அன்றைக்குத்தான். அப்புறம், கீழ்ப் பட்டையில் ஃபயர்ஃபாக்ஸ், கடிதம் எழுத லிப்ரே ஆபிஸ் ரைட்டர், படங்கள் இருக்கும் ஃபோல்டர் என்று தினமும் தொடுகிற மூன்று மட்டும் இருந்தால் போதும்.

அப்டேட் மேனேஜரில் ப்ரிஃபரன்ஸஸ், அதில் ஆட்டோமேஷன். அங்கே அப்டேட் தானாக நடக்கும்படி விட்டுவிடுங்கள். திடீரென்று கடவுச்சொல் கேட்டு நிற்கும் பெட்டிதான் அவர்களை அதிகம் பயமுறுத்துகிறது.

ரைட்டர் வழக்கமாகச் சேமிக்கும் வடிவத்தை வேர்டு டாக்எக்ஸ் (.docx) என்று மாற்றிவிட்டால் ஜெராக்ஸ் கடையில் அச்செடுக்கும்போதும் சிக்கல் குறையும்.

எல்லாம் சரியாக அமைந்ததும் மிண்ட்டில் இருக்கும் டைம்ஷிஃப்ட் கருவியில் ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது கணினி அமைப்பின் அப்போதைய நகல், எடுத்து வையுங்கள். ஏதாவது கெட்டுப்போனால் அந்த நிலைக்கே திரும்பிவிடலாம். வழக்கமான அமைப்பில் சொந்தப் படங்களும் கடிதங்களும் அதில் சேராது. அவற்றைத் தனியாக ஒரு பென்டிரைவில் நகல் எடுங்கள்.