ஹெரிடேஜ் ஹோட்டல் கல்யாணம், கேண்டிட் போட்டோ: எல்லாரும் பண்ற தப்புங்க

"அண்ணா எங்களுக்கு போஸ் எல்லாம் வேணாம், நாங்க பாட்டுக்கு ரிலாக்ஸா இருப்போம், நீங்க பாட்டுக்கு எடுத்துக்கோங்க." கேண்டிட் போட்டோ எடுக்க என்னை போன்ல புக் பண்றப்ப எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பாங்க. கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப்ல நாப்பது இன்ஸ்டாகிராம் ஸ்கிரீன்ஷாட் வந்து விழும், இதெல்லாம் அப்படியே இதே மாதிரி வேணும்னு. முதல் தப்பே இதுதான். கேண்டிட், அதாவது டாக்குமெண்டரி ஸ்டைல்னா நடக்குறதை நடக்குற மாதிரி எடுக்குறது, இன்னொருத்தர் வீட்டு கல்யாணத்துல நடந்தது உங்க வீட்ல நடக்காது, நடக்க வச்சா அது நடிப்பு. நடிப்பு தப்புன்னு சொல்லல, அதுக்கு வேற ஆள் இருக்காங்க, வேற ரேட்டு.

நான் அதிகமா எடுக்குறது காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம். பழைய செட்டிநாட்டு வீடுங்களை ஹோட்டலா மாத்தியிருக்காங்கல்ல, அங்க ரெண்டு நாள் தங்கி கல்யாணம் பண்றது இப்ப ஜாஸ்தியாயிடுச்சு. சென்னை, பெங்களூர்லேருந்து வர்றாங்க, மதுரையிலேருந்தும் திருச்சியிலேருந்தும் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர்தான். வீடு பிரமாதமா இருக்கும், முகப்பு, வளவு, பர்மா தேக்கு தூணு, ஆத்தங்குடி தரை, வாசல்ல நின்னு பாத்தா கதவு கதவா தாண்டி பின்கட்டு வரைக்கும் ஒரே நேர்ல தெரியும். இப்படி ஒரு வீட்டை லட்சக்கணக்குல குடுத்து வாடகைக்கு எடுத்துட்டு டெக்கரேஷன்காரர் வந்து அந்த தூணையெல்லாம் பிங்க் கலர் நெட் துணி சுத்தி மூடி முன்னாடி தெர்மாகோல் ஆர்ச் வைப்பார். அதுக்கு ஊர்லயே ஒரு ஏசி மண்டபம் போதுமே.

துணி விஷயம் ரசனை மட்டும் இல்ல, வெளிச்சமும்தான். வளவுங்கறது நடுவுல வானம் தெரியுற முற்றம், காலைல 6 மணிலேருந்து 8 மணி வரைக்கும் அங்க விழுற வெளிச்சத்துக்கு ஈடா எந்த லைட்டும் கிடையாது. அதுக்கு மேல கலர் பந்தல் துணி கட்டிட்டா அந்த கலர் முழுக்க மூஞ்சில இறங்கும், எடிட்டிங்ல உக்காந்து 600 போட்டோவுல பொண்ணு மூஞ்சிய மட்டும் சரி பண்ண முடியாது, பண்ணா புடவை கலர் போயிடும். நிழல் வேணும்னா வெள்ளைத் துணி கட்ட சொல்லுங்க. அப்புறம் அந்த ஊதா, நீல கலர் லைட்டுங்க, அதை ராத்திரி ரிசப்ஷனுக்கு வச்சுக்கோங்க, முகூர்த்தத்துல தயவுசெஞ்சு அணைச்சிடுங்க.

புதுசா இந்த வேலைக்கு வர்ற தம்பிங்களுக்கு ரெண்டு விஷயம். மண்டபத்து பழக்கத்துல பிளாஷை மேல் கூரைக்கு திருப்பி அடிப்பீங்க, இந்த வீடுகள்ல நிறைய இடத்துல கூரை மரம், வெளிச்சத்தை குடிச்சிடும், திரும்பி வர்ற கொஞ்சமும் பழுப்பா வரும். சுவத்துப் பக்கம் திருப்பலாம், ஆனா முட்டை வெள்ளைக்கரு சேத்து இழைச்ச சுவரு கண்ணாடி மாதிரி மின்னும், நேரா அடிச்சா வெள்ளையா ஒரு பொட்டு நிக்கும். ரெண்டாவது, சத்தம் வரக்கூடாதுன்னு சைலண்ட் ஷட்டர் போட்டுக்கறது. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதுல எரியுற நிறைய எல்இடி லைட்டுங்க செகண்டுக்கு 100 தடவை மினுக்கும், கண்ணுக்கு தெரியாது, சைலண்ட் ஷட்டர்ல படம் முழுக்க கோடு கோடா வந்துடும். ஷட்டர் ஸ்பீடு 1/100 இல்லைன்னா 1/50 செகண்ட் வச்சா பெரும்பாலும் தப்பிச்சிடலாம், சந்தேகமா இருந்தா சத்தம் வந்தாலும் பரவால்லன்னு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாத்திடுங்க, நாதஸ்வரம் தவில் சத்தத்துல உங்க கிளிக் யாருக்கு கேக்கப்போகுது. முந்தின நாளே முகூர்த்த நேரத்துக்கு போய் வளவுல நின்னு பாத்துடுங்க, சாயங்காலம் 5 மணிக்கு பாத்துட்டு வந்து காலைல 6 மணிக்கு எடுக்க முடியாது.

சரி, வீட்டுக்காரங்க பண்றதுல பெரிய தப்பு எதுன்னு கேட்டா ஷெட்யூல்னுதான் சொல்லுவேன். மெஹந்தி, ஹல்தி, மாப்பிள்ளை அழைப்பு, நிச்சயம், சங்கீத், ரிசப்ஷன், இத்தனையும் ஒரே நாள்ல, மறுநாள் காலைல 6லேருந்து 7.30 முகூர்த்தம், அதுக்கு ராத்திரி ரெண்டரை மணிக்கு மேக்கப் ஆரம்பம். இதுல ரிலாக்ஸ் எங்கேருந்து வரும்? எல்லாரும் ஓடிட்டு இருந்தா ஓடுற போட்டோதான் வரும். கேண்டிட்ல நல்ல படம்லாம் வேலை இல்லாத நேரத்துலதான் விழும், ரெண்டு பங்ஷனுக்கு நடுவுல ஒரு முக்கால் மணி நேரம் சும்மா விடுங்க, யாரும் எதுவும் பண்ண வேணாம், காபி குடிச்சிட்டு உக்காந்திருங்க.

ஒரு கல்யாணத்துல இப்படித்தான், ஐயர் வர லேட், எனக்கும் வேலை இல்ல. முகப்புல பொண்ணோட அப்பா தனியா நின்னு தாம்பூலப் பையை எண்ணிட்டு இருக்கார். காண்டிராக்டர் ஏற்கனவே எண்ணி வச்சதுதான், இவர் மூணாவது தடவை எண்றார், உதடு அசையுது, நடுவுல விட்டுப் போயி மறுபடி முதல்லேருந்து. பின்னாடி அவரோட பேத்தி முறைல ஒரு குட்டி, நாலு வயசு இருக்கும், அதுவும் விரலை நீட்டி நீட்டி எண்ணுது, அஞ்சுக்கு அப்புறம் நேரா ஒம்பது. மனுஷன் அன்னிக்கு எவ்ளோ பதட்டத்துல இருந்தார்னு அந்த ஒரு படத்துல தெரியும். ஆல்பத்துல முதல் பக்கத்துக்கு அவங்க எடுத்தது அதைத்தான், ட்ரோன் ஷாட்டை இல்ல.

தாலி கட்டுற நேரம். இங்க தப்பு ரெண்டு பக்கமும். போஸ் வச்சு, சடங்கை நேரா நின்னு எடுக்குற டிரடிஷனல் போட்டோகிராபர், ரெண்டு வீடியோகாரர், கேண்டிட் ஆளுங்க, அதுக்கு மேல மாமா சித்தப்பா போன் எல்லாம் மணமேடைக்கு முன்னாடி ஒரே இடத்துல. நான் நேரா முன்னாடி போறதே இல்ல, அந்த இடம் டிரடிஷனல் அண்ணனோடது, அவர் படம் கண்டிப்பா வேணும். நான் பக்கவாட்டுல கீழ உக்காந்துடுவேன், அங்கேருந்து பொண்ணோட அம்மா மூஞ்சி, நாத்தனார் முடிச்சு போடுற கை, அட்சதை பறக்குறது எல்லாம் கிடைக்கும். வீடியோகாரர்கிட்ட முந்தின நாளே ஒரு டீ வாங்கி குடுத்து லைட்டை எந்தப் பக்கம் வைக்கிறீங்கன்னு பேசி வச்சுக்கறதுதான் இந்தத் தொழில்ல பாதி சாமர்த்தியம். ஒரு இடத்துல கேமரா அண்ணன் ஒருத்தர் "மாப்ள, தாலியை அப்படியே புடிங்க, இங்க பாருங்க, இன்னும் கொஞ்சம் தூக்கி"ன்னு சொல்லிட்டே இருக்கார், கெட்டிமேளம் நிக்காம போகுது, தவில்காரர் கை ஓஞ்சு போய் ஐயரை முறைக்கிறார், ஐயர் எங்களை முறைக்கிறார். ஐயரே சொல்லிடுற மாதிரி ஏற்பாடு பண்ணுங்க, அந்த ரெண்டு நிமிஷம் எல்லாரும் போனை கீழ வைங்கன்னு. நாங்க சொன்னா கேக்க மாட்டாங்க.

குரூப் போட்டோவே வேணாம், நாங்க ஃபுல் கேண்டிட்னு சொல்றவங்களும் இருக்காங்க. வேணாம், அப்படி பண்ணாதீங்க. ஆறு மாசம் கழிச்சு ஆச்சியோட எல்லா பேரப்பிள்ளைங்களும் சேந்து ஒரு படம் இல்லையேன்னு போன் வரும். லிஸ்ட் போட்டு பதினஞ்சு காம்பினேஷனுக்குள்ள வச்சுக்கோங்க, டிபனுக்கு முன்னாடி இருபது நிமிஷம், கூப்பிடறதுக்கு சொந்தத்துல தொண்டை உள்ள ஒரு சித்தப்பாவை நியமிச்சிடுங்க, எனக்கு யார் யாரோட பெரியம்மான்னு தெரியாது.

ஆளை புக் பண்றப்ப இன்ஸ்டா பக்கத்தை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. அதுல இருக்கறது அம்பது கல்யாணத்துலேருந்து பொறுக்குன அம்பது படம். ஒரே ஒரு கல்யாணத்தோட முழு கேலரியை காட்ட சொல்லுங்க, நான் ரெண்டு நாள்ல நாலாயிரம் அஞ்சாயிரம் எடுத்து அறநூறு எழுநூறு குடுப்பேன், அந்த அறநூறுல பந்தி எப்படி வந்திருக்கு, மழை வந்தப்ப என்ன பண்ணார்னு பாருங்க. கேமராவுல ரெண்டு மெமரி கார்டுலயும் ஒரே நேரத்துல படம் பதியுதான்னும் கேளுங்க, ஒண்ணு கெட்டா இன்னொண்ணு இருக்கணும்ல, கோவப்பட்டா வேற ஆள் பாருங்க. ஹோட்டல்கிட்டயும் முன்னாடியே கேளுங்க, ட்ரோன், ஹோமப் புகை, தூண்ல ஆணி இதுக்கெல்லாம் விடுவாங்களா, ஜெனரேட்டர் இருக்கா, மத்த கெஸ்ட் இருப்பாங்களா, எல்லாம்.

கடைசியா, பேக்கேஜை 12 மணியோட முடிக்காதீங்க. சாப்பாடு முடிஞ்சதும் டீம் எல்லாம் பையைக் கட்டிட்டு கிளம்பிடும். ஆனா மத்தியானம் மூணு மணிக்கு வளவுக்கு வந்து பாருங்க, ஆத்தங்குடி தரை சில்லுனு இருக்கும், அத்தைங்க பட்டுப் புடவையோட அப்படியே வரிசையா சாஞ்சிருப்பாங்க, பூ வாடி தலையிலேருந்து தொங்கிட்டு இருக்கும், புதுப் பொண்ணு ஒட்டியாணத்தை கழட்டி பக்கத்துல வச்சிட்டு யார் மடியிலயோ தூங்கிட்டு இருக்கும், மாப்பிள்ளை மச்சான்கிட்ட போன் சார்ஜர் கேட்டுட்டு நிப்பார்.