பழைய முகவரியை அப்படியே விட்டுவிடாதீர்கள்: தேடுபொறிகளில் கீழே தள்ளும் தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி தன் சமையல் தளத்தைக் காட்டி, "கூகுள்ல திடீர்னு காணோம்ணே" என்றார். பார்த்ததும் வயிறு கலங்கியது. நான் செய்த அதே தவறு. தலைப்பு, படத்தின் அளவு பற்றியெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

301 வைக்காமல் யூஆர்எல்லை மாற்றுவது

யூஆர்எல் என்பது பக்கத்தின் முகவரி. 301 என்பது பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் ஏற்பாடு. தமிழில் எழுதுபவர்களுக்கு முகவரியை மாற்றும் ஆசை சீக்கிரமே வரும். 'கு' என்ற ஓர் எழுத்து யூஆர்எல்லுக்குள் போகும்போது 18 குறிகளாக விரியும். தளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ் அங்கே தருவது 200 குறிகள்தான். 'திருநெல்வேலி சொதி குழம்பு' என்று தலைப்பு வைத்தால் முகவரி 'குழம்ப' என்று அறுந்து நிற்கும்.

அது பொறுக்காமல் ஓர் இரவு டேட்டாபேஸிலேயே கைவைத்து, முந்நூறு பதிவுகளின் முகவரிகளை ஆங்கில எழுத்துக்கு மாற்றினேன். எடிட்டரில் ஒவ்வொன்றாக மாற்றியிருந்தால் வேர்ட்பிரஸே பழைய முகவரியை நினைவில் வைத்துக்கொண்டு, வருபவரைப் புதியதற்கு அனுப்பியிருக்கும். டேட்டாபேஸில் நேராக மாற்றினால் அதற்குத் தெரியாது. விடிந்தபோது பழைய இணைப்புகள் அத்தனையும் 404, அதாவது 'பக்கம் இல்லை'. மற்ற தளங்கள் வருடக்கணக்கில் கொடுத்திருந்த இணைப்புகள் வீணாகின. கூகுளில் சரிந்தது, பிங்கிலும் சரிந்தது. டக்டக்கோ என்ற தேடுபொறி பெரும்பாலும் பிங்கின் முடிவுகளையே எடுப்பதால் அங்கேயும் காணோம்.

தம்பி இன்னொன்றும் செய்திருந்தார். யாரோ சொன்னார்கள் என்று பழைய முகவரிகள் எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார். இந்த யோசனையை இன்னும் சொல்லித் திரிகிறார்களே என்றுதான் எனக்குக் கோபம். அப்படித் திருப்பினால் கூகுள் அதை 'சாஃப்ட் 404' என்றே, அதாவது பக்கம் இல்லாததாகவே எடுத்துக்கொள்ளும். சொதி தேடி வந்தவருக்குச் சொதிப் பக்கம்தான் வேண்டும். மாற்றுவதற்கு முன்பே பழையது, புதியது என இரண்டு பத்தியில் பட்டியல் போடுங்கள். ஒன்றுக்கு ஒன்று 301 வையுங்கள். குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். நான் எடுப்பதே இல்லை.

கூகுள் மட்டும் போதும் என்று இருப்பது

தளத்தின் உரிமையாளர்களுக்குப் பிங் தரும் கருவியான பிங் வெப்மாஸ்டர் டூல்ஸில் தளத்தைச் சேர்த்துவிடுங்கள். கூகுளின் இதே வகைக் கருவியான சர்ச் கன்சோலில் இருப்பதை அப்படியே இறக்கிக்கொள்ளலாம். 2021-இல் வந்த இண்டெக்ஸ்நவ் என்ற ஏற்பாட்டின் வழியாகப் புதுப் பக்கத்தைப் பிங், யாண்டெக்ஸ் என்ற தேடுபொறிகள் இரண்டுக்கும் உடனே தெரிவிக்கலாம். கூகுள் அதில் சேரவில்லை. அதற்குச் சைட்மேப் (தளத்தின் பக்கங்களின் பட்டியல்) தனியாகக் கொடுங்கள்.

ரோபோட்ஸ் கோப்பில் தடுத்துவிட்டு நோஇண்டெக்ஸும் வைப்பது

ரோபோட்ஸ் கோப்பு, தேடுபொறி எந்தப் பக்கத்துக்குள் வரலாம் என்று சொல்வது. நோஇண்டெக்ஸ், 'இந்தப் பக்கத்தைத் தேடல் முடிவில் காட்டாதே' என்று பக்கத்துக்குள்ளேயே வைக்கும் குறிப்பு. உள்ளே வரவே விடாவிட்டால் அந்தக் குறிப்பு தேடுபொறியின் கண்ணில் படாது.

கீவேர்ட்ஸ் மெட்டா டேக்

பக்கத்தின் நிரலுக்குள் தேடல் சொற்களைப் பட்டியலிடும் குறிப்பு இது. தரவரிசைக்கு இதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.