மாமாவுக்கு இடம் தேடிய கதை: சிங்கப்பூரில் முதியவருக்கு ஆதரவு இல்லம் பார்ப்பது எப்படி

என் தாய்மாமா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டு, புக்கிட் மேராவில் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) ஓரறை வாடகை வீட்டில் ஒரு சீன முதியவருடன் சேர்ந்து இருந்தார். இருவரும் பாசார் மலாயில்தான், அதாவது கடைத்தெருப் பேச்சு மலாயில்தான், பேசிக்கொள்வார்கள். 78 வயதில் மாமா குளியலறையில் விழுந்தபோது ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் அந்தத் தாத்தாதான்.

பத்தாவது நாள் மருத்துவமனையில், "வெள்ளிக்கிழமை அழைத்துப் போகலாம்" என்றார்கள். அன்று செவ்வாய்க்கிழமை. நான் காலை ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்புகிறவள். தெரிந்தவர்களிடமெல்லாம் "எந்த இல்லம் நல்ல இல்லம்?" என்று கேட்டு அலைந்தேன். முதலில் கேட்டிருக்க வேண்டியது வேறு: மாமாவால் எதையெல்லாம் தானாகச் செய்ய முடியும்?

நீங்கள் அங்கிருந்தே தொடங்குங்கள். கட்டிலிலிருந்து எழுவது, நடப்பது, கழிவறைக்குப் போவது, குளிப்பது, சாப்பிடுவது, மாத்திரையை நேரத்துக்குப் போடுவது. ஒவ்வொன்றையும் தனியாகச் செய்கிறாரா, ஒரு கை பிடித்தால் செய்கிறாரா, முடியவே இல்லையா என்று ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். இல்லங்கள் இதை வைத்துத்தான் ஆளைச் சேர்க்கின்றன. நன்றாக நடப்பவரைத் தாதிமை இல்லத்தில் (நர்சிங் ஹோம்) சேர்த்தால், படுத்த படுக்கையானவர்களுக்கு நடுவே நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார். அது பெரிய பாவம்.

ஓரளவு தானே சமாளிப்பவர்களுக்கு, வாடகை வீடுகளிலேயே இரண்டு மூன்று பேர் சேர்ந்து தங்கும் முதியோர் குழு இல்லங்கள் இருக்கின்றன. தொண்டு அமைப்பின் ஊழியர்கள் வந்து பார்த்துக்கொள்வார்கள். கைப்பிடி, அவசர மணி எல்லாம் இருக்கும். நடமாட முடியும், ஆனால் கவனிக்க ஆள் இல்லை என்றால் முதியோர் இல்லம். வான் தோ அவென்யூவில் உள்ள செயின்ட் ஜான்ஸ் முதியோர் இல்லம் அந்த வகை. எழ, குளிக்க, சாப்பிட எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டுமென்றால்தான் தாதிமை இல்லம். செராங்கூன் ரோட்டில் 1910-ல் தொடங்கிய குவோங் வாய் ஷியூ, யீஷூனில் ஸ்ரீ நாராயண மிஷன் நடத்துவது போன்றவை தொண்டு அமைப்புகளுடையவை. எந்த இனத்தவரையும் சேர்த்துக்கொள்வார்கள்.

2021-ல் புக்கிட் பாத்தோக்கில் முதலில் விற்பனைக்கு வந்த சமூகப் பராமரிப்பு வீடுகளைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவை 65 வயதுக்கு மேற்பட்டோர் குறுகிய கால குத்தகைக்குப் பணம் கொடுத்து வாங்கும் வீவக வீடுகள். கையில் சேமிப்பு இல்லாத மாமாவுக்கு அது ஒத்துவரவில்லை.

சரி, யாரிடம் போவது? மருத்துவமனையில் இருந்தால் மருத்துவ சமூக ஊழியரை அன்றைக்கே பாருங்கள். தாதிமை இல்லத்துக்கு நாமே போய்க் கதவைத் தட்டினால் மானியத்தோடு இடம் கிடைக்காது; அவரோ மருத்துவரோ, முதியோர் பராமரிப்பை ஏற்பாடு செய்யும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்புக்கு (ஏஐசி) எழுதி அனுப்ப வேண்டும். வீட்டில் இருப்பவர் என்றால் 1800 650 6060 என்ற எண்ணில் அந்த அமைப்பையே கூப்பிடலாம், அல்லது புளோக்குக்குக் கீழே முதியவர்களுக்காக உள்ள துடிப்பாக மூப்படைதல் நிலையத்தில் கேட்கலாம். எனக்கு வழிகாட்டியது சமூக ஊழியர்தான். "நேரே இல்லம் எதற்கு? முதலில் சமூக மருத்துவமனையில் சில வாரம் நடைப்பயிற்சி கொடுத்துப் பார்க்கலாமே" என்றார். பெரிய மருத்துவமனையிலிருந்து வந்தவர்கள் உடல் தேறும்வரை தங்கும் இடம் அது. அப்படியொரு வழி இருப்பதே எனக்குத் தெரியாது. உங்களிடம் யாரும் சொல்லாவிட்டாலும் நீங்கள் கேளுங்கள். மாமா அங்கே கோல் ஊன்றி நடக்கக் கற்றார். எங்களுக்கும் தேட ஆறு வாரம் கிடைத்தது.

மானியம் குடும்பத்தின் தலைக்கு வருமானத்தைப் பார்த்து முடிவாகும். அடையாள அட்டை, மருத்துவ அறிக்கை, மத்திய சேம நிதிக் கணக்கு விவரம், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். டயப்பர், பால்மாவு, மருத்துவமனைக்குக் கூட்டிப் போக ஆள், வண்டி இவற்றுக்குத் தனிக் கட்டணமா என்று கேளுங்கள். மானியம் போக மீதிக்கும் வழியில்லை என்றால் சமூக சேவை அலுவலகத்தில் கோம்கேர் என்ற அரசு நிதி உதவி கேட்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

அப்புறம், இல்லத்தைப் போய்ப் பாருங்கள். பகல் சாப்பாட்டு நேரமே நல்லது. தட்டில் என்ன இருக்கிறது, ஊட்டிவிடுபவர் பொறுமையாக ஊட்டுகிறாரா, சிறுநீர் வாடை அடிக்கிறதா, பகல் பன்னிரண்டு மணிக்கும் எல்லாரும் கட்டிலிலேயே கிடக்கிறார்களா என்று கவனியுங்கள். தமிழ் பேசும் தாதியர் எந்த ஷிஃப்டில் இருக்கிறார்கள், தமிழ் பேசும் முதியவர் வேறு யாராவது உண்டா என்று கேட்கத் தவறாதீர்கள். வயது ஏற ஏற, கற்ற ஆங்கிலமும் மலாயும் கழன்றுபோய்த் தாய்மொழி மட்டும் மிஞ்சுவதை நான் பார்த்திருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு "தண்ணி" என்றால் புரிந்துகொள்ள ஓர் ஆள் வேண்டும். வெள்ளிக்கிழமை சைவம், சாமி படம், திருநீறு பற்றியும் தயங்காமல் பேசுங்கள்.

இரண்டாம் முறை போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். நான் முதலில் பார்த்து வைத்த இடம் எனக்குப் பிடித்திருந்தது, மாமாவுக்குப் பிடிக்கவில்லை. "ஜன்னல்ல ரோடே தெரியலியே" என்றார். வண்டி போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வேறு இடம் பார்த்தோம்.

அவர் தெளிவாக இருக்கும்போதே, பின்னால் அவருக்காக முடிவெடுக்க ஒருவரை அவரே நியமிக்கும் எல்பிஏ என்ற அதிகாரப் பத்திரத்தைச் செய்துவிடுங்கள். நினைவு தடுமாறிய பிறகு செய்ய முடியாது. அப்போது அவருடைய வங்கிக் கணக்கைத் தொடவும் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். வாடகை வீட்டுச் சாவியையும் உடனே ஒப்படைக்காமல், எத்தனை நாள் அவகாசம் கிடைக்கும் என்று வீவகவிடம் பேசிப் பாருங்கள்.

"மாமாவை ஹோமில் விட்டுட்டாளாம்" என்று சொந்தத்தில் பேசத்தான் செய்தார்கள். அதற்குப் பயந்து அவரை அந்த வாடகை வீட்டிலேயே விட்டிருந்தால், அடுத்த முறை விழும்போது தூக்கிவிட யார் இருந்திருப்பார்?

முதல் மாதம் நாள் மாற்றி, நேரம் மாற்றிப் போங்கள். பழைய ரேடியோ, சொந்தத் தலையணை, பெயர் எழுதிய கைலி நான்கு கொண்டு போங்கள். கூட இருந்த அந்தத் தாத்தாவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போனேன். இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து கோப்பி குடித்தார்கள். தீபாவளிக்கு வீட்டுக்குக் கூட்டி வருவதானால் இரண்டு வாரம் முன்பே இல்லத்தில் சொல்லிவிடுங்கள், மாத்திரைகளை நாள்வாரியாகக் கட்டித் தருவார்கள்.