கொச்சை ஆங்கிலமெல்லாம் இலக்கணப் பிழை இல்லை

'தட் மேட்ச் வாஸ் லிட்' என்ற வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. எழுவாயும் இறந்தகால வினையும் அடைமொழியும் இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கின்றன. 'அட்டகாசம்' என்ற பொருளில் வரும் 'லிட்' என்ற சொல் மட்டும் கொச்சை. நண்பனுக்கு அனுப்பலாம், வேலை விண்ணப்பத்தில் எழுத முடியாது. 'ஹி டோன்ட் லைக் இட்' அப்படியல்ல. அதில் கொச்சைச் சொல்லே கிடையாது, ஆனால் பொது ஆங்கிலத்தில் 'டஸின்ட்' வரவேண்டும். சொல் வேறு, கட்டமைப்பு வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் முதல் தவறு. நன்னூல் குழூஉக்குறியையும் (ஒரு குழுவினர் தமக்குள் வழங்கும் சொல்) மரூஉவையும் (சிதைந்து வழங்கும் சொல்) வழக்கு என்று ஏற்றுக்கொள்கிறது. அவற்றை வழுவோடு, அதாவது பிழையோடு, சேர்ப்பதில்லை. அந்தத் தெளிவு இங்கும் உதவும்.

கொச்சைக்கு விதியே கிடையாது என்று நினைப்பது அதைவிடப் பெரிய தவறு. 'கோயிங் டு' சுருங்கி 'கோனா' ஆனது. 'ஐம் கோனா ஸ்லீப்' சரி. 'ஐம் கோனா த பேங்க்' என்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் யாரும் சொல்லமாட்டார். 'கோனா'வுக்குப் பின் வினைச்சொல்தான் வரும், இடப்பெயர் வராது. எழுதும்போது 'ஐம்' என்பதை 'ஐ' என்று குறைத்துவிடவும் கூடாது.

'வான்ட் டு' சுருங்கிய 'வானா' இன்னும் நுணுக்கமானது. 'ஹூ டு யூ வானா சீ?' என்று கேட்கலாம். 'ஹூ டு யூ வானா வின்?' பலர் காதுக்கு இடறும். யார் ஜெயிக்கவேண்டும் என்று கேட்கும்போது அந்த 'யார்' இருக்கவேண்டிய இடம் 'வான்ட்'டுக்கும் 'டு'வுக்கும் நடுவில். சொல் முன்னே நகர்ந்துவிட்டாலும் இடைவெளி அங்கேயே நிற்பதால் இரண்டும் ஒட்டுவதில்லை. 'ஷி வானா கோ' என்றும் எழுதவேண்டாம். 'ஷி வான்ட்ஸ் டு கோ' என்பதே பொது வழக்கு.

'குட் ஆஃப்' (could of), 'ஷுட் ஆஃப்' (should of) இரண்டையும் கொச்சை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 'குட் ஹேவ்' பேச்சில் 'குடவ்' என்று தேய்கிறது; அதைக் காதில் கேட்டபடி ஓ, எஃப் போட்டு எழுதிவிடுகிறார்கள். வெறும் எழுத்துப் பிழை, எங்கே எழுதினாலும் பிழைதான்.

'ஐ டோன்ட் நோ நத்திங்' என்பவர் 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்றுதான் சொல்கிறார்; அதை 'எனக்கு ஏதோ தெரியும்' என்று கணக்குப் போட்டுப் புரிந்துகொள்பவர் யாருமில்லை. இரண்டு எதிர்மறைகள் ஒன்றையொன்று அழித்துவிடும் என்று பதினெட்டாம் நூற்றாண்டில் ராபர்ட் லௌத் தம் ஆங்கில இலக்கண நூலில் எழுதினார். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஆங்கிலக் கவிஞர் சாசர் எதிர்மறைகளை அடுக்கி எழுதியிருக்கிறார். பல வட்டார வழக்குகளில் இன்றும் இது இயல்பு. ஆனாலும் தேர்வுத்தாளில் மதிப்பெண் போகும். அங்கே 'எனிதிங்' போடுங்கள்.

'ஹி பி வொர்க்கிங்' கேட்டதும் 'இஸ்' விட்டுப்போயிற்று என்று திருத்தக் கிளம்பவேண்டாம். ஆப்பிரிக்க அமெரிக்க ஆங்கிலத்தில் அதற்கு 'வழக்கமாக வேலை செய்வார்' என்று பொருள். இந்த நிமிடம் செய்கிறார் என்பதல்ல. அந்த வழக்கின் இலக்கணப்படி அது சரியான வாக்கியம். பாட்டில் கேட்டதை வைத்து, இப்போது நடப்பதைச் சொல்ல அதை எடுத்தாண்டால்தான் தவறு.

அகராதியில் இருக்கிறதே என்று வாதாடுவதும் பயனில்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 2011-இல் 'எல்ஓஎல்' (LOL, 'வாய்விட்டுச் சிரிக்கிறேன்') சுருக்கத்தைச் சேர்த்தது. புழக்கத்தில் இருப்பதைப் பதிவுசெய்வது அகராதியின் வேலை. எங்கே பயன்படுத்தலாம் என்பதை அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் 'பேச்சு வழக்கு', 'கொச்சை' போன்ற குறிப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டும். பெரும்பாலானோர் அதைத் தாண்டி நேரே பொருளுக்குப் போய்விடுகிறார்கள்.