"வீட்டுல சொல்லிடாதீங்க மிஸ்"

பள்ளியில் ஆலோசகராக இருக்கிறேன். இணையத்தில் கேலிக்கோ மிரட்டலுக்கோ ஆளான பிள்ளைகள் என்னிடம் முதலில் கெஞ்சுவது இதற்குத்தான்: "வீட்டுல சொல்லிடாதீங்க மிஸ், போனைப் புடுங்கிடுவாங்க."

அதனால் பெற்றோரே, "போனை வாங்க மாட்டேன்" என்று முதலிலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆறுதல் சொல்லும் தோழிகளும் அந்த போனில்தான் இருக்கிறார்கள். அப்புறம், "நீ என்ன பண்ணினே?" என்று விசாரணையைத் தொடங்காதீர்கள். முழுக்கச் சொல்லி முடிக்கட்டும்.

பிளாக் செய்யும் முன் ஆதாரம் எடுங்கள். கணக்கின் பெயர், தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட், கூடவே பதிவின் லிங்க். இதை நீங்களே செய்யுங்கள். அந்த வசவுகளைப் பிள்ளை மறுபடி படிக்க வேண்டாம். பதில் எதுவும் அனுப்ப வேண்டாம்.

சிறுவர்களின் அந்தரங்கப் படம் என்றால் மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். லிங்க்கையும் பெயரையும் குறித்துக்கொண்டு போலீஸிடம் போங்கள். 18 வயதுக்குள் எடுத்த படத்துக்கு 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. பெயர் சொல்ல வேண்டாம், படத்தையும் அனுப்ப வேண்டாம். படத்துக்கான ஒரு டிஜிட்டல் அடையாளம் உங்கள் போனிலேயே உருவாகி, அது மட்டும் போகும். இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்றவை அதை வைத்துத் தேடி நீக்கும். அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிகிற, வாட்ஸ்அப் போன்ற மறையாக்க உரையாடல்களில் இது எடுபடாது. 18 வயதுக்குப் பிறகு எடுத்த படத்துக்கு 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற இதே மாதிரிச் சேவை இருக்கிறது.

வகுப்பில் தினம் பார்க்கும் ஆளை பிளாக் செய்யப் பிள்ளைகள் பயப்படுவார்கள், அது நியாயம்தான். இன்ஸ்டாகிராமில் 'ரெஸ்ட்ரிக்ட்' செய்தால் போதும்: அந்த ஆள் புதிதாகப் போடும் கமெண்ட் அவருக்கு மட்டுமே தெரியும், பிறருக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் கண்டவரும் குரூப்பில் சேர்க்காதபடி பிரைவசி அமைப்பில் மாற்றிவிடுங்கள்.

சரி, இதெல்லாம் ஒரு மணி நேர வேலை. மனசுக்கு நாளாகும். இரவில் போன் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும், உங்களுடையதும் சேர்த்து. அப்போதுதான் அது தண்டனையாகத் தெரியாது. சாப்பாடு குறைகிறதா, மெசேஜ் சத்தம் கேட்டதும் முகம் மாறுகிறதா, பள்ளிக்குப் போக வயிற்றுவலி வருகிறதா என்று கவனியுங்கள்.

"நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்ற மாதிரிப் பேச்சு வந்தால் சுற்றி வளைக்காதீர்கள். "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பல பிள்ளைகளுக்கு அதன் பிறகுதான் பேச்சே வரும். ஆமாம் என்றால் தனியாக விடாமல், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.