குழந்தையை மற்றவர் கூட்டிக்கொண்டு போய்விட்டால்: ஆட்கொணர்வு மனு போடும் முன்பும் பின்பும்

கணவனும் மனைவியும் பிரிந்து இருக்கிறார்கள். ஒரு நாள் ஒருவர் ஸ்கூல் வாசலிலிருந்தே குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார், அப்புறம் ஃபோன் எடுப்பதில்லை. உடனே உறவில் யாராவது ஒருவர், "ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடு, ஒரே வாரத்தில் போலீஸே குழந்தையைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிடும்" என்று சொல்வார். இதில் முதல் பாதி நடக்கும். போலீஸ் குழந்தையைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரும். கையில் கொடுப்பது வேறு விஷயம்.

ஆட்கொணர்வு மனு, அதாவது ஹேபியஸ் கார்பஸ், என்பது ஒருவரைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிப் போடுகிற மனு. அரசியல் சட்டத்தின் 226-வது பிரிவில் உயர் நீதிமன்றத்திலும், 32-வது பிரிவில் உச்ச நீதிமன்றத்திலும் போடலாம். சிக்கல் எங்கே என்றால், பெற்ற தாயோ தகப்பனோ தன் பிள்ளையைத் தன்னிடம் வைத்திருப்பதைச் சட்டவிரோதம் என்று கோர்ட் சுலபத்தில் சொல்லாது. 2017-ல் பிரிட்டனிலிருந்து மகளோடு டெல்லி வந்துவிட்ட ஒரு தாயின் வழக்கில், பெற்ற தாயிடம் குழந்தை இருப்பது சட்டப்படியானது என்றே முதலில் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. குழந்தையைத் திருப்பி அனுப்பச் சொன்ன டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பும் ரத்தானது. மாறாக 2019-ல் ஒரு மகாராஷ்டிர வழக்கில், மனைவி புற்றுநோயில் இறந்த பிறகு கைக்குழந்தையைத் தர மறுத்தவர்கள் மனைவியின் உடன்பிறந்தவர்கள். அங்கே தகப்பன் போட்ட ஆட்கொணர்வு மனு செல்லும் என்று சொல்லிக் குழந்தையை அவரிடமே கொடுத்தார்கள். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது குழந்தை இப்போது யாரிடம் இருக்கிறது என்பதை. தாத்தா பாட்டி, சித்தி, மாமா என்று மூன்றாம் ஆளிடம் இருந்தால் உங்கள் மனுவுக்குப் பலம் அதிகம். மற்றப் பெற்றோரிடம் இருந்தால் கூடுதலாக ஏதாவது காட்டியாக வேண்டும்.

அந்தக் கூடுதல் என்பது பெரும்பாலும் மூன்று விதமாக வரும். குழந்தை உங்களிடம் இருக்க வேண்டும் என்று ஏற்கெனவே ஒரு கோர்ட் உத்தரவு இருந்து அதை மீறியிருந்தால், அது இருப்பதிலேயே வலுவானது. 2022-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டில் இருந்த ஒரு தகப்பனிடமிருந்து இரண்டு பிள்ளைகளை அமெரிக்காவில் இருக்கும் தாயிடம் அனுப்பச் சொன்னபோது, ஓஹியோ நீதிமன்றத்தில் இருவரும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு அந்தத் தாய்க்குப் பெரிய துணையாக இருந்தது. இரண்டாவது, வயது. இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956-ன் 6-வது பிரிவுப்படி ஐந்து வயது முடியாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும். பால்குடி மறக்காத குழந்தையைப் பிரித்துக் கொண்டுபோனால் கோர்ட் வேகமாக நகரும். மூன்றாவது, குழந்தைக்கு அங்கே ஆபத்து: அடி, குடி, படிப்பு நிற்பது. இதைச் சொன்னால் ஆதாரத்தோடு சொல்லுங்கள், கோபத்தில் இட்டுக்கட்டினால் உங்கள் மீதே திரும்பும்.

இவை எதுவுமே இல்லை என்றால், என் கருத்து, ஐகோர்ட்டுக்கு ஓடுவதை விடக் குடும்ப நீதிமன்றத்துக்குப் போவது மேல். காப்பாளர் மற்றும் காப்பில் உள்ளோர் சட்டம், 1890-ன் கீழ் மனு போட்டு, கூடவே இடைக்காலக் கஸ்டடியும் வாரம் ஒருமுறை பார்க்கும் உரிமையும் கேளுங்கள். வெளிநாட்டு பயம் இருந்தால் குழந்தையின் பாஸ்போர்ட்டைக் கோர்ட்டில் ஒப்படைக்கச் சொல்லியும் கேளுங்கள், ஏனென்றால் வெளிநாட்டுக்குக் கொண்டுபோன குழந்தையைத் திருப்பி அனுப்புவது பற்றிய 1980-ம் வருட ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை, குழந்தை எல்லை தாண்டிவிட்டால் அலைச்சல் பல மடங்கு. இந்த மனுவைக் குழந்தை சாதாரணமாக வசிக்கும் ஊர்க் கோர்ட்டில்தான் போட வேண்டும். தாமதித்தால் 'குழந்தை இப்போது கோயம்புத்தூரில்தான் படிக்கிறது' என்று எதிர்த்தரப்பு சொல்ல ஆரம்பித்துவிடும்.

மாஜிஸ்திரேட் கோர்ட்டில், குழந்தையைத் தேடிக் கொண்டுவர போலீஸுக்கு உத்தரவிடும் சர்ச் வாரன்ட் வாங்கலாமே என்பார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 97-வது பிரிவு, இப்போது அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 100-வது பிரிவு. தகப்பனிடம் இருக்கும் பிள்ளைக்கு அது பொருந்தாது என்று 1998-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதில் நேரத்தைக் கழிக்காதீர்கள்.

சரி, ஆட்கொணர்வு மனுதான் என்று முடிவாகிவிட்டால், முதல் வேலை போலீஸ் ஸ்டேஷன். 'இது குடும்ப விவகாரம்' என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள், விடாமல் புகாரை எழுதிக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். தரவில்லையென்றால் அதே புகாரை எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். போலீஸிடம் போனேன், நடக்கவில்லை என்று காட்ட இந்தக் காகிதம் வேண்டும். மனுவில் எதிர்மனுதாரர்களாக எஸ்.பி. அல்லது கமிஷனர், இன்ஸ்பெக்டர், அப்புறம் குழந்தையை வைத்திருப்பவர் வருவார்கள். தென்மாவட்டங்கள், திருச்சி பக்கம் என்றால் மதுரைக் கிளை, மற்றவர்கள் சென்னை. இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரிக்கும்.

மனுவோடு போடுகிற சத்தியப் பிரமாணத்தில், அதாவது அஃபிடவிட்டில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கல்யாணச் செலவு, மாமியார் பேசிய பேச்சு, நகைக் கணக்கு எல்லாம் பத்துப் பக்கம் வரும், குழந்தை யாரோடு எத்தனை நாளாக இருந்தது என்பது ஒரு வரியில் போய்விடும். தலைகீழாக எழுதுங்கள். எந்த வீட்டில், எந்த ஸ்கூலில், யார் கவனிப்பில் இருந்தது, எந்தத் தேதியில் யார் எப்படிக் கொண்டுபோனார்கள், அதற்குப் பிறகு என்ன முயற்சி எடுத்தீர்கள். பிறப்புச் சான்றிதழ், ஸ்கூல் ஃபீஸ் ரசீது, தடுப்பூசி அட்டை, வாட்ஸ்அப் செய்திகள் இணைப்பில் போகட்டும். விவாகரத்து, ஜீவனாம்சம், குடும்ப வன்முறை என்று எந்த வழக்கு நிலுவையில் இருந்தாலும் சொல்லிவிடுங்கள், உங்களுக்குப் பாதகமான உத்தரவு இருந்தாலும்கூட. எதிர்த்தரப்பு அதைத் தூக்கிக் காட்டுகிற நாளில் உங்கள் மனு படுத்துவிடும். அஃபிடவிட் ஆங்கிலத்தில் இருக்கும், வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்து. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் போகலாம், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசம், உதவி எண் 15100.

குழந்தை கோர்ட்டுக்கு வரும் நாளில் நீதிபதிகள் பெரும்பாலும் அறைக்குள் கூப்பிட்டுத் தனியாகப் பேசுவார்கள். 'அப்பா கெட்டவர்னு சொல்லு' என்று சொல்லிக் கொடுத்த பிள்ளையை அவர்கள் இரண்டே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்கள். வராந்தாவில் இழுபறி, அழுகை, சண்டை எதுவும் வேண்டாம். சமரச மையத்துக்கு அனுப்பினால் போய் உட்காருங்கள். சனி ஞாயிறு யாரிடம், பரீட்சை லீவில் யாரிடம் என்பது அங்கே முடிவாக வாய்ப்பு உண்டு.

குழந்தையை வைத்திருப்பவர் நீங்கள்தான், கோர்ட் நோட்டீஸ் உங்களுக்கு வந்திருக்கிறது என்றால், குழந்தையோடு நேரில் போய் நில்லுங்கள். ஊர் ஊராக ஒளித்து வைத்தால் உங்களிடம் இருக்கும் நியாயமும் போய்விடும்.

முடிவில் மனு தள்ளுபடியாகும் என்று தெரிந்தால், வக்கீலிடம் சொல்லி இரண்டு விஷயம் கேட்கச் சொல்லுங்கள். ஒன்று, குடும்ப நீதிமன்றத்தை அணுக அனுமதி, அங்கே இத்தனை மாதத்தில் முடிக்க வேண்டும் என்ற காலக்கெடுவோடு. இன்னொன்று, அதுவரை குழந்தையைப் பார்க்கவும் வீடியோ காலில் பேசவும் ஏற்பாடு. 2020-ல் உச்ச நீதிமன்றமே, கஸ்டடி கிடைக்காத பெற்றோருக்கும் பிள்ளையோடு பேசும் தொடர்பு இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த இடம் என்பதெல்லாம் உத்தரவிலேயே எழுத்தில் வந்துவிட வேண்டும். 'அவ்வப்போது பார்க்கலாம்' என்று மட்டும் இருந்தால் அடுத்த சண்டை அந்த வார்த்தையில்தான் ஆரம்பிக்கும்.