ஊர்க் குட்டையை நூறு நாள் வேலையில் சேர்ப்பது எப்படி?

ஊரடங்கில் பிழைப்பு முடங்கிக் கிடந்த 2020 மே மாதம், மத்திய அரசு நூறு நாள் வேலைக்குக் கூடுதலாக 40,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. இப்படி எப்போது பணம் வந்தாலும், ஊராட்சித் திட்டத்தில் ஏறியிருக்கும் வேலைக்குத்தான் போகும். குட்டை அதில் இல்லையென்றால் ரோட்டோரம் புல் செதுக்குவதோடு தீர்ந்துவிடும்.

அடுத்த நிதியாண்டுக்கான வேலைகளை ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் கேட்டுவிடுங்கள். "குட்டையைத் தூர்வார வேண்டும்" என்று மொட்டையாக மனு எழுத வேண்டாம். சர்வே எண், அ-பதிவேட்டில் (கிராம நிலங்களின் விவரப் பதிவேடு) உள்ள வகைப்பாடு, நீள அகலம், வண்டலின் ஆழம், தண்ணீர் வந்து சேரும் பள்ளம் எல்லாவற்றையும் குறிப்பிடுங்கள். வரத்து வாய்க்காலை விட்டுவிட்டுக் குட்டையை மட்டும் வெட்டினால், மழை பெய்தும் குட்டை காய்ந்தே கிடக்கும். தீர்மானத்தில் இவை ஏறியதா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

வேலை கேட்டு எழுதிக் கொடுக்கும்போது தேதி போட்ட ரசீது கட்டாயம் வாங்க வேண்டும். 15 நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி கேட்க அந்தச் சீட்டுத்தான் ஆதாரம். 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய புதிய சட்டம் நாள்களை 125 ஆக்கி, நீர்ப் பாதுகாப்பு வேலைகளை முன்னுக்கு வைக்கிறது. அதிலும் வேலைகள் ஊராட்சித் திட்டத்திலிருந்தே வர வேண்டும் என்பதால் மனு வேலை வீண்போகாது.

கூலி, வெட்டிய மண்ணின் அளவைப் பொறுத்தது. 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 30 செ.மீ. ஆழம் வெட்டினால் 15 கன மீட்டர். நடுவில் பழைய மட்டத்திலேயே ஒரு மண்திட்டை விட்டுவைத்து, ஓவர்சீயர் அளந்து முடிக்கும்வரை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திட்டு கரைந்தால் ஆழத்துக்குச் சாட்சி இல்லை, கூலியும் குறையும்.

வண்டலை மட்டும் அள்ளுங்கள். அடியில் இருக்கும் களி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும், அதையும் தோண்டினால் தண்ணீர் நிற்காது. அள்ளிய மண்ணைக் கரையின் உள்சரிவில் கொட்டினால் முதல் மழையிலேயே திரும்பிக் குட்டைக்குள் வந்துவிடும்.

சீமைக் கருவேலத்தைத் தரை மட்டத்தோடு வெட்டுவதில்தான் அதிகம் தோற்கிறோம். தரைக்குக் கீழே வேர்க்கழுத்தில் முடிச்சு முடிச்சாக மொட்டுகள் இருக்கும். ஒரு கிளை போன இடத்தில் பத்து துளிர்க்கும். கடப்பாரை போட்டு ஓரடி ஆழம்வரை தோண்டி, அந்தக் கழுத்தோடு பிடுங்குங்கள். பிடுங்கிய இடத்தை வெறுமனே விடாமல் ஐப்பசி மழைக்கு முன்னால் வெள்வேல், வேம்பு, புங்கன் வையுங்கள். குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி.

ஆடு மேயும் ஊரில் வேலி இல்லாமல் ஒரு செடியும் தேறாது. முள்கம்பிக்குப் பணம் தேட வேண்டாம், காங்கயம் பக்கத்துக் கொறங்காடுகளை, அதாவது மேய்ச்சல் நிலங்களை, காக்கும் கிளுவை மர உயிர்வேலியே போதும். இடுப்புயரப் போத்துகளை (நடுவதற்கு வெட்டிய கிளைத்துண்டுகளை) நெருக்கமாக ஊன்றி, அடிமண்ணைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். தளர்வாக நட்டால் காற்றில் ஆடி வேர் பிடிக்காமல் காயும்.

செடி நடும் கூலியோடு, இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் ஆள்கூலியையும் மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.